பொறந்த குழந்தைக்கு சுகர் இறங்காம பாத்துக்கறது எப்படி: முதல் மூணு நாள்

சுகர்னு சொன்னாலே நம்ம ஆளுங்களுக்கு ஏறினா தான் பயம். பொறந்த குழந்தை விஷயத்துல அப்படியே உல்டா, இறங்கினா தான் ஆபத்து. நான் பிரசவ வார்டுல நர்ஸா வேலை பாக்கறேன், அங்க தினமும் அம்மாக்களுக்கும் கூட வர்ற பாட்டிகளுக்கும் சொல்றதத்தான் இங்க கொஞ்சம் விளக்கமா எழுதறேன். மாசமா இருக்கறவங்களும், வீட்டுல பிரசவத்துக்கு நாள் பாத்துட்டு இருக்கறவங்களும் முன்கூட்டியே படிச்சு வெச்சுக்கோங்க, ஏன்னா பிரசவம் ஆன அன்னைக்கு இதெல்லாம் நின்னு கேக்கற நிலைமைல யாரும் இருக்க மாட்டாங்க.

வயித்துக்குள்ள இருக்கற வரைக்கும் தொப்புள்கொடி வழியா அம்மாவோட ரத்தத்துல இருந்து குளுக்கோஸ் நிக்காம போய்க்கிட்டே இருக்கும். கொடிய கட் பண்ண உடனே அந்த சப்ளை நின்னுடுது. மாச சம்பளம் நின்ன வீட்டுல பேங்க்ல இருக்கறத எடுத்து ஓட்டற மாதிரி, குழந்தை தன்னோட ஈரல்ல சேத்து வெச்சிருக்கற கிளைக்கோஜன, அதாவது சேமிப்பு சர்க்கரைய உடைச்சு சமாளிக்கும். அதனால பொறந்து ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரத்துல சுகர் நல்லா கீழ இறங்கிட்டு அப்புறம் தானா மேல வரும். நிறைமாசத்துல, நல்ல எடையில, எந்த சிக்கலும் இல்லாம பொறந்த குழந்தைக்கு இது சாதாரணமா நடந்து முடிஞ்சிடும், அதுக்கு டெஸ்ட்கூட தேவையில்ல, பால் குடுத்தாலே போதும்.

பிரச்சனை யாருக்குன்னா, சேமிப்பே இல்லாத குழந்தைக்கு, இல்லன்னா சேமிப்பு இருந்தும் வேகமா செலவு பண்ற குழந்தைக்கு. ஈரல்ல அந்த கிளைக்கோஜன் சேர்றது முக்கியமா கடைசி மூணு மாசத்துல தான், அதனால 37 வாரத்துக்கு முன்னாடி பொறந்துட்டா கையிருப்பு கம்மி. வயித்துல சரியா வளராம எடை குறைஞ்சு பொறந்த குழந்தை, ரெட்டைப் புள்ளைல சின்னது, இதுங்களுக்கும் அதே கதை தான். இன்னொரு பக்கம் அம்மாவுக்கு சுகர் இருந்தா அம்மா ரத்தத்துல இருக்கற அதிக குளுக்கோஸ் குழந்தைக்கு போகும், ஆனா அம்மாவோட இன்சுலின் போகாது, அதனால குழந்தையோட கணையமே ஓவர்டைம் பாத்து இன்சுலின் சுரக்கும். கொடிய கட் பண்ணப்புறம் குளுக்கோஸ் வர்றது நின்னுடுது, இன்சுலின் மட்டும் அப்படியே இருக்கு, அது இருக்கற சுகரையும் இழுத்து கீழ தள்ளிடும். நாலு கிலோல கொழுகொழுன்னு பொறந்த குழந்தைய பாத்து சொந்தக்காரங்க எல்லாம் சந்தோஷப்படுவாங்க, எங்க கண்ணு உடனே அந்த அம்மாவோட சுகர் ரிப்போர்ட்ட தேடும், காரணம் இது தான்.

இது போக, பொறந்ததும் அழாம மூச்சுத்திணறின குழந்தை, கிருமித்தொற்று இருக்கற குழந்தை, உடம்பு குளிர்ந்துபோன குழந்தை, அம்மா பிபிக்கு லேபிடலால் மாத்திரை சாப்ட்டுட்டு இருந்திருந்தா அந்த குழந்தை, இவங்களையும் லிஸ்ட்ல சேத்துக்கோங்க. மாத்திரை பேரு தெரியலன்னா அட்டைய கொண்டு வந்து காட்டுங்க. பயந்துட்டு மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க, பிபி ஏறினா அது அம்மாவுக்கும் குழந்தைக்கும் இன்னும் பெரிய ஆபத்து.

தடுக்கறது பிரசவத்துக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும். கர்ப்பமான உடனே முதல் செக்கப்புலயும், அப்புறம் 24 வாரத்துல இருந்து 28 வாரத்துக்குள்ளயும் 75 கிராம் குளுக்கோஸ் தண்ணி குடிக்க வெச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுப்பாங்க, 140 இல்ல அதுக்கு மேல வந்தா கர்ப்பகால சர்க்கரை. நம்ம ஊரு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இத பண்றாங்க, சாப்டாம தான் வரணும்னு கூட கட்டாயம் இல்ல. இந்த ஒரே ஊசி டெஸ்ட் நம்ம நாட்டுக்குன்னு பரவலாக காரணமா இருந்தவங்கள்ல சென்னைல இருந்த டாக்டர் வி.சேஷையா முக்கியமானவர். குமட்டுதுன்னு சொல்லி பாதி டம்ளர் குடிச்சுட்டு மீதிய வாஷ்பேசின்ல ஊத்தறவங்க இருக்காங்க, அப்படி பண்ணா ரிப்போர்ட் நார்மல்னு வரும், குழந்தை மாட்டிக்கும். வாந்தி எடுத்துட்டீங்கன்னா சொல்லுங்க, இன்னொரு நாள் பண்ணிக்கலாம், யாரும் திட்ட மாட்டாங்க.

சுகர் இருக்குன்னு தெரிஞ்சுட்டா பொதுவா டார்கெட் வெறும் வயித்துல 95க்குள்ள, சாப்ட்டு ரெண்டு மணி நேரத்துல 120க்குள்ள. கடைசி வாரங்கள்லயும் பிரசவ வலியப்பவும் கன்ட்ரோல் தளர்ந்தா அதோட எஃபெக்ட் நேரா குழந்தை மேல தான் விழும், அதனால எட்டு மாசம் வாயக் கட்டிட்டு வளைகாப்பு சீசன்ல அவுத்து விட்டுடாதீங்க. அதே மாதிரி லேபர் ரூம்ல அம்மாவுக்கு குளுக்கோஸ் டிரிப் தேவையில்லாம வேகமா ஏத்தினாலும் குழந்தைக்கு இன்சுலின் எகிறும். "பொண்ணு டயர்டா இருக்கா, ஒரு குளுக்கோஸ் பாட்டில் போட்டு விடுங்க சிஸ்டர்"னு கேக்கற அம்மாக்கள் நிறைய, பாசம் தான், ஆனா எத ஏத்தணும்னு முடிவு பண்றத டாக்டர்கிட்ட விட்டுடுங்க.

இன்னொரு விஷயம், சுகர் இருக்கற அம்மாக்கள் வேற சிக்கல் எதுவும் இல்லன்னா 36 வாரத்துக்கு மேல சீம்பால கையால கொஞ்சம் கொஞ்சமா எடுத்து ஃப்ரீஸர்ல சேத்து வெச்சுக்கலாம், இது பாதுகாப்பானது தான்னு ஆஸ்திரேலியாவுல பெரிய ஆய்வு பண்ணி 2017ல வெளியிட்டாங்க. நஞ்சுக்கொடி கீழ இருக்கு, ரத்தப்போக்கு இருக்கு, குறைமாசத்துல வலி வந்துச்சு அப்படின்னா கண்டிப்பா கூடாது. டாக்டர்கிட்ட கேக்காம ஆரம்பிக்காதீங்க, அவ்ளோ தான்.

சரி, குழந்தை பொறந்தாச்சு. முதல் ஒரு மணி நேரம் தான் எல்லாமே. குழந்தைய துடைச்சு, ஈரத் துணிய மாத்தி, தலைக்கு தொப்பி போட்டு, டயப்பர் மட்டும் கட்டி அம்மாவோட வெறும் மார்பு மேல படுக்க வெச்சு ரெண்டு பேருக்கும் சேத்து மேல போர்த்தி விடணும். குளிர்ந்த குழந்தை உடம்ப சூடாக்கறதுக்கே சுகர எரிச்சு தீத்துடும், அதனால சூடு காப்பாத்தறதும் பால் குடுக்கறதும் ஒரே வேலைன்னு நெனச்சுக்கோங்க. குழந்தையோட உடம்பு சூடு 36.5ல இருந்து 37.5 டிகிரி செல்சியஸ்க்குள்ள இருக்கணும். வீட்டுல தெர்மாமீட்டர் இல்லன்னா உங்க புறங்கைய குழந்தையோட வயித்துலயும் பாதத்துலயும் வெச்சு பாருங்க, ரெண்டும் கதகதப்பா இருந்தா ஓகே, வயிறு சூடா பாதம் சில்லுன்னு இருந்தா குழந்தை குளிர ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம், ரெண்டுமே சில்லுன்னு இருந்தா உடனே மார்போட சேத்து வெச்சுட்டு டாக்டர கூப்புடுங்க. குளிப்பாட்டறது 24 மணி நேரத்துக்கு அப்புறம், எடை குறைஞ்ச குழந்தைன்னா இன்னும் தள்ளிப் போடணும். மேல ஒட்டியிருக்கற அந்த வெள்ளை மாவு அழுக்கு இல்ல, தேய்ச்சு எடுக்க வேணாம்.

சிசேரியன்னா முடியாதுன்னு நெனைக்காதீங்க, அம்மா முழிப்பா இருந்தா தியேட்டர்லயே மார்பு பக்கம் வெக்க முடியும், முடியாத பட்சத்துல அப்பா சட்டைய கழட்டிட்டு மார்புல வெச்சுக்கலாம், சூடு சூடு தான். கங்காரு முறைன்னு சொல்றது இது தான், கொலம்பியால பொகோட்டாவுல 1978ல இன்குபேட்டர் பத்தாம டாக்டர் எட்கர் ரே ஆரம்பிச்சது, இப்போ எடை குறைஞ்ச குழந்தைகளுக்கு பொறந்த உடனேயே ஆரம்பிக்கணும்னு உலக சுகாதார நிறுவனமே 2022ல சொல்லியிருக்கு. எங்க வார்டுல அப்பாக்கள் முதல்ல வெக்கப்படுவாங்க, கொஞ்ச நேரம் ஆனதும் திருப்பி வாங்க போனா குடுக்க மாட்டாங்க.

அந்த ஒரு மணி நேரத்துக்குள்ள முதல் பால் உள்ள போயிடணும். "பால் இன்னும் வரல சிஸ்டர்" அப்படிங்கற வார்த்தைய நாங்க கேக்காத நாளே கிடையாது. முதல் நாள் வர்றது சீம்பால், சொட்டு சொட்டா தான் வரும், கெட்டியா மஞ்சளா இருக்கும், குழந்தை வயிறும் அன்னைக்கு அவ்ளோ தான் தாங்கும். குடம் குடமா வரணும்னு எதிர்பாத்துட்டு இல்லைன்னு முடிவு பண்ணி பவுடர் பால் டப்பா வாங்க ஓடறது தான் நம்ம ஆளுங்களோட அவசரம்.

இப்போ இந்த கட்டுரைல ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கணும்னா இது தான்: ரிஸ்க் இருக்கற குழந்தைக்கு அழுகைய பாத்து பால் குடுக்காதீங்க, கடிகாரத்த பாத்து குடுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா, மிஞ்சிப் போனா மூணு, ராத்திரியும் சேத்து தான், நாள் ஒன்னுக்கு எட்டுல இருந்து பன்னெண்டு தடவை. ஏன்னா சுகர் இறங்கின குழந்தை பசிச்சு அழாது, தூங்கும். பக்கத்துல இருக்கற பெரியவங்க "புள்ள சமத்து, தொந்தரவே இல்ல, தூங்கற புள்ளைய எழுப்பாத"ன்னு சொல்வாங்க. 35 வாரத்துல பொறந்த ரெண்டு கிலோ குழந்தை அஞ்சு மணி நேரம் சமத்தா தூங்குதுன்னா எனக்கு தூக்கம் போயிடும். பாட்டிகிட்ட சண்டை போட வேணாம், போன்ல அலாரம் வெச்சு அந்த போன பாட்டி கையிலயே குடுத்துடுங்க, அப்புறம் அவங்களே உங்கள எழுப்பி விடுவாங்க.

எழுப்பறது எப்படின்னா, சுத்தியிருக்கற துணிய அவுத்து, டயப்பர் மாத்தி, முதுக மேல இருந்து கீழ தடவி, உள்ளங்கால விரலால மெதுவா தேய்ச்சு, அம்மா மேல வெறும் உடம்போட வெச்சா பெரும்பாலும் முழிச்சுக்கும். கால்ல சுண்டறது, மூஞ்சில தண்ணி தெளிக்கறது எல்லாம் வேணாம். இவ்ளோ பண்ணியும் கண்ணத் தொறக்கல, வாய்ல வெச்சா சப்பல, கை கால் துவண்டு கிடக்குன்னா இன்னொரு தடவை ட்ரை பண்ணலாம்னு நேரம் கடத்தாதீங்க, நர்ஸ கூப்புடுங்க.

சப்பற அளவுக்கு தெம்பு இல்லாத குழந்தைக்கு பால கையால எடுத்து பாலாடைல, அதாவது குழந்தைக்கு பால் ஊத்தற மூக்கு வெச்ச சின்ன கிண்ணத்துல குடுக்கணும். இது எல்லா அம்மாவும் கத்துக்க வேண்டிய வேலை, கொஞ்சம் பொறுமை வேணும். கைய சோப்பு போட்டு கழுவிட்டு, மார்ப வெதுவெதுப்பான துணியால ஒத்தி மெதுவா நீவி விடுங்க. கட்டைவிரல் மேல, ஆள்காட்டி விரல் கீழ, காம்புல இருந்து ஒரு ரெண்டு மூணு சென்டிமீட்டர் தள்ளி வெச்சு, முதல்ல நெஞ்சுக்கூட்ட நோக்கி உள்ள அழுத்தி அப்புறம் ரெண்டு விரலையும் சேத்து அமுக்கி விடணும். அமுக்கி விடு, அமுக்கி விடு, அந்த தாளம் தான் முக்கியம். விரல தோல் மேல இழுத்து தேய்க்க கூடாது, காம்ப மட்டும் புடிச்சு பிழியவும் கூடாது, வலி தான் மிச்சம். முதல் ரெண்டு மூணு நிமிஷம் ஒன்னுமே வராது, அங்க தான் எல்லாரும் விட்டுடறாங்க. அதுக்கப்புறம் காம்பு நுனில ஒரு மஞ்ச சொட்டு நிக்கும், அத பாலாடையோட ஓரத்த வெச்சு வழிச்சுக்கோங்க. ஒரு பக்கம் குறைஞ்சதும் விரல சுத்தி வேற இடத்துல வெச்சு பண்ணுங்க, அப்புறம் அடுத்த மார்பு. பாலாடையோட அடிய மூடற அளவுக்கு கிடைச்சாலும் அது வீண் இல்ல.

குடுக்கும்போது குழந்தைய படுக்க வெச்சு ஊத்தாதீங்க, மடில பாதி நிமிந்த மாதிரி உக்கார வெச்சு தலைய தாங்கிப் புடிச்சு, பாலாடை மூக்க கடைவாய் ஓரத்துல வெச்சு ஒரு சொட்டு விட்டு அது முழுங்கினதும் அடுத்த சொட்டு. கண்ண மூடி தூங்கிட்டு இருக்கற குழந்தைக்கு ஊத்தினா புரையேறி மூச்சுக்குழாய்க்கு போயிடும். பாலாடைய ஒவ்வொரு தடவையும் கழுவி கொதிக்க வெச்சுக்கணும், ஜன்னல் கட்டைல கவுத்து வெச்சுட்டு அப்படியே எடுத்து யூஸ் பண்ற பழக்கத்த விட்டுடுங்க.

அடுத்து சேனை. பொறந்ததும் குடும்பத்துல நல்ல குணம் உள்ள பெரியவர் ஒருத்தர் சர்க்கரைத் தண்ணியோ தேனோ தொட்டு நாக்குல வெக்கறது, அவங்க குணம் குழந்தைக்கு வரும்னு. சில பேரு "சுகர் இறங்கும்னு நீங்களே சொல்றீங்க, அப்போ சர்க்கரைத் தண்ணி நல்லது தானே"ன்னு மடக்குவாங்க. கேள்வி நியாயமானது தான். ஆனா சர்க்கரைத் தண்ணில ஏறின சுகர் நிக்காது, இன்சுலின தூண்டி விட்டு மறுபடியும் இறங்கிடும். சீம்பால்ல சர்க்கரையோட கொழுப்பும் புரதமும் சேந்து இருக்கு, அதனால தான் அது தாங்கும். அதுக்கு மேல சுத்தமில்லாத தண்ணில கிருமி போகும், வயிறு ரொம்பினதும் குழந்தை மார்ப தேடாது. தேன் ஒரு வயசு வரைக்கும் கூடவே கூடாது, அதுல இருக்கற போட்டுலினம் கிருமியால குழந்தைக்கு உடம்பே செயலிழந்து போற ஆபத்து இருக்கு. தெருவுல கழுதைய ஓட்டிட்டு வந்து சங்கு அளவுல பால விக்கறாங்களே, அதுவும் வேணாம். பெரியவங்க மனசு நோகக் கூடாதுன்னா, அம்மாவோட சீம்பால்லயே ஒரு சொட்ட அவங்க கையாலயே கைய கழுவிட்டு வெக்க சொல்லுங்க, எங்க வார்டுல இதுக்கு ஒத்துக்காத தாத்தாவே இல்ல.

டெஸ்ட் பத்தி சொல்லணும். ரிஸ்க் உள்ள குழந்தைக்கு பொதுவா ரெண்டு மணி நேரத்துல ஆரம்பிச்சு 6, 12, 24, 48, 72 மணி நேரம்னு பாப்பாங்க, ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கொஞ்சம் மாறும். பால் குடுக்கறதுக்கு முன்னாடி பாக்கணும். குதிகால் நடுவுல குத்த மாட்டோம், பக்கவாட்டுல தான், அதுக்கு முன்னாடி பாதத்த கதகதப்பாக்கி, ஸ்பிரிட் துடைச்சு அது காயற வரைக்கும் காத்திருந்து, முதல் சொட்ட துடைச்சுட்டு அடுத்த சொட்ட ஸ்ட்ரிப்ல வெப்போம். ஸ்பிரிட் காயாம எடுத்தா ரீடிங் தப்பா வரும், கையில கால்ல குளுக்கோஸ் தண்ணி ஒட்டியிருந்தாலும் தப்பா ஏறிக் காட்டும். நம்ம பக்கம் பெரும்பாலான இடத்துல 45க்கு கீழ போனா கம்மின்னு எடுத்துப்பாங்க, சில இடத்துல 40னு வெச்சிருக்காங்க. பெரியவங்களுக்கு 70க்கு கீழ போனாலே ஆபத்துன்னு தெரிஞ்சவங்க குழந்தைக்கு 52ன்னு கேட்டு அலறிடுவாங்க, முதல் நாள்ல அது பரவால்ல. குளுக்கோமீட்டர் கீழ் அளவுல அவ்ளோ துல்லியம் இல்ல, அதனால கம்மியா வந்தா லேபுக்கும் ரத்தம் அனுப்புவாங்க, ஆனா ரிசல்ட்டுக்கு காத்திருக்காம வைத்தியம் ஆரம்பிச்சிடுவாங்க. திரும்ப திரும்ப குத்தறாங்களேன்னு டெஸ்ட்ட வேணாம்னு சொல்லாதீங்க. குத்தும்போது குழந்தைய மார்புல வெச்சு பால் குடுத்துட்டு இருந்தா வலி கம்மியா தெரியும், நர்ஸ்கிட்ட அப்படி பண்ணலாமான்னு கேளுங்க.

கம்மியா வந்துட்டா என்ன பண்ணுவாங்க? அறிகுறி இல்லாம லேசா கம்மின்னா உடனே பால் குடுத்துட்டு அரை மணி, ஒரு மணி நேரத்துல திரும்ப பாப்பாங்க. அம்மாகிட்ட பத்தலன்னா தாய்ப்பால் வங்கி இருக்கற ஆஸ்பத்திரில அந்த பால், இல்லன்னா டாக்டர் சொல்ற அளவு பவுடர் பால். வைத்தியத்துக்காக ஒரு நாள் ரெண்டு நாள் பவுடர் பால் குடுக்க சொன்னா அதுல குற்ற உணர்ச்சிப்பட எதுவும் இல்ல, கூடவே மார்புலயும் விடாம வெச்சுட்டு இருங்க. சில இடங்கள்ல 40 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஜெல்ல கன்னத்து உள்பக்கம் தடவுவாங்க, நியூசிலாந்துல செஞ்சு 2013ல வெளிவந்த ஆய்வுக்கு அப்புறம் பல நாடுகள்ல வந்துடுச்சு, நம்ம ஊர்ல எல்லா இடத்துலயும் கிடைக்காது. அதுக்காக வீட்டுல குளுக்கோஸ் பவுடர குழைச்சு தடவக் கூடாது. ரொம்ப கம்மின்னாலோ அறிகுறி இருந்தாலோ ஐசியுல வெச்சு நரம்பு வழியா குளுக்கோஸ் ஏத்துவாங்க, அது சில குழந்தைக்கு ஒரு நாள்ல நிக்கும், சில குழந்தைக்கு நாலஞ்சு நாள் ஆகும். குழந்தை உள்ள இருக்கும்போதும் அம்மா ரெண்டு மூணு மணிக்கு ஒருக்கா பால் எடுத்து அனுப்பிட்டே இருக்கணும்.

அறிகுறின்னா எது? கை கால் வெடவெடன்னு நடுங்கறது. இதுல ஒரு சின்ன சோதனை இருக்கு, நடுங்கற கைய மெதுவா மடக்கிப் புடிங்க, நின்னுட்டா அது நடுக்கம், புடிச்சும் உங்க கைக்குள்ளயே இழுத்துக்கிட்டே இருந்தா அது வலிப்பா இருக்கலாம். ரெண்டுக்கும் டாக்டர்கிட்ட காட்டணும், வலிப்புக்கு அந்த நிமிஷமே. அப்புறம் பால் குடிக்காம சோர்ந்து போறது, கீச்சுன்னோ முனகலாவோ அழறது, மூச்ச விட்டு விட்டு விடறது, உதடு நீலமாறது, உடம்பு சில்லுன்னு ஆறது, கண்ணு மேல சொருகறது. ஆனா சுகர் நல்லா இறங்கியும் ஒரு அறிகுறியும் காட்டாத குழந்தைங்க நிறைய, அதனால தான் மேல கடிகாரம் கடிகாரம்னு அடிச்சுக்கிட்டேன்.

வீட்டுக்கு போனப்புறம் சுகர் இறங்காதுன்னு நெனைக்கறது தப்பு. மூணாவது நாலாவது நாள் பால் சரியா போகாம, எடை இறங்கி, தூங்கிட்டே இருந்து வலிப்போட வர்ற குழந்தைங்கள பாத்திருக்கோம். நீண்ட நேரம் சுகர் இறங்கியே இருந்தா மூளைல பின்பக்கம், அதாவது பார்வைக்கான பகுதி அதிகமா அடிவாங்கும், பின்னாடி வலிப்பு, பார்வை குறைபாடு, வளர்ச்சி தாமதம்னு வரலாம். அதனால மூத்திரத்த எண்ணுங்க: முதல் நாள் ஒன்னாவது, ரெண்டாம் நாள் ரெண்டு, மூணாம் நாள் மூணு, அஞ்சாறு நாள்ல இருந்து ஆறுக்கு குறையாம. எடை பொறந்தப்போ இருந்ததுல பத்துல ஒரு பங்குக்கு மேல இறங்கினா காட்டியே ஆகணும். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போது எடை போட சொல்லுங்க.

டிஸ்சார்ஜ்க்கு முன்னாடி கேக்க வேண்டியது: கடைசியா பாத்த சுகர் ரீடிங்லாம் எவ்ளோ, டிரிப் நிறுத்தினப்புறம் வெறும் பால்லயே சுகர் இறங்காம நின்னுச்சா, இன்னைக்கு எடை எவ்ளோ, அடுத்து எப்போ காட்டணும். நாலையும் ஷீட்ல எழுதி வாங்கிக்கோங்க. நடுராத்திரில குழந்தை துவண்டு போச்சுன்னா 108க்கு அடிச்சுட்டு, வண்டி வர்ற வரைக்கும் மார்போட ஒட்டி வெச்சு போர்த்திக்கோங்க, முழிச்சு முழுங்குதுன்னா பால் குடுங்க, முழுங்கலன்னா வாய்ல எதையும் ஊத்தாதீங்க. வண்டில ஏறும்போது அந்த ஷீட்டையும் எடுத்துக்கோங்க.